கத்திரி வெயிலும் குளிர் சோஃபியும்

"நீங்க எப்ப சார் ஜெர்மனி கெளம்பறீங்க?"

பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் பெரியப்பாவிடம் இப்படிக் கேட்டதும், எதிர்வரிசையில் நாலு பேர் பாயசத்தை அப்படியே நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

பெரியப்பா அப்பளத்தை நொறுக்கியபடி, "நான் போயிட்டா செடிக்கு யாருங்க தண்ணி ஊத்துவாங்க?" என்றார்.

எதிர்வரிசை பாயசத்துக்குத் திரும்பியது. ஒருத்தர் மட்டும் புரையேறினார்.

இது 2025 ஏப்ரல் கடைசியில், கும்பகோணத்தில், அத்தை பேத்தியின் கல்யாணத்தில். அந்தக் கோடையில் எங்கள் குடும்பத்துக்கு மொத்தம் மூன்று கல்யாணம். கும்பகோணம் முதலாவது. மூன்றாவது ஜூன் முதல் வாரம் திருச்சியில், என் மச்சினிக்கு. நடுவில் ஒன்று, மே 16 வெள்ளிக்கிழமை, ஜெர்மனியில் லைப்ஸிக் என்ற ஊரில். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, மேற்படி பெரியப்பாவின் ஒரே பையன். எனக்கு ஆறு வருஷம் இளையவன்.

பெரியப்பா தபால் இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர். நங்கநல்லூரில் சொந்த வீடு. பெரியம்மா தவறி நாலு வருஷம் ஆகிறது. அதற்கு மறு மாசமே தோட்டக்கலைத் துறையில் மானிய விலைக்குக் கிடைத்த பைகளை வாங்கி வந்து மொட்டை மாடியில் அடுக்க ஆரம்பித்தார். இப்போது 43 தொட்டி. கத்திரி, வெண்டை, மிளகாய், தக்காளி, பழைய தண்ணீர் பீப்பாயில் ஒரு முருங்கை. ஒவ்வொரு தொட்டிக்கும் நம்பர். ரிஜிஸ்டர் கூட இருக்கிறது. தபால் இலாகா புத்தி!

செடி ஒரு சாக்குதான் என்பது குடும்பத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எட்டு மாசம் முன்னால் பெரியப்பா மன்னார்குடியில் ஒரு பெண்ணைப் பார்த்து, பெண்ணின் அப்பாவுக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். அதே வாரம் பையன் போன் பண்ணி, கூட வேலை பார்க்கும் ஜெர்மன் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான்.

"கேக்கறியா, சொல்றியா?" என்றார் பெரியப்பா.

"சொல்றேம்ப்பா."

அவ்வளவுதான். போனை வைத்தவர், அதன் பிறகு அவன் நம்பரை எடுக்கவே இல்லை.

என் மனைவி ஒரு முயற்சி செய்து பார்த்தாள். "நான் தினமும் வந்து தண்ணி ஊத்தறேன் மாமா, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். பெரியப்பா அவளை நிற்கவைத்து இன்டர்வியூ எடுத்தார். மிளகாய்க்கு எத்தனை மக்? மாவுப்பூச்சி வந்தா என்ன அடிப்பே? எல்லாவற்றுக்கும் "பாத்துக்கறேன் மாமா" என்றே பதில் சொன்னதால் ஃபெயில்.

மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் ஒருத்தராவது போகாவிட்டால் குடும்ப மானம் என்ன ஆவது என்று கும்பகோணத்திலேயே கமிட்டி கூடியது. லீவு பிரச்னை இல்லாத ஆள் யார்? அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்றால் எங்கள் உறவில் அதற்கு அர்த்தம், வீட்டில் சும்மா இருக்கிறான். தம்பி டிக்கெட் அனுப்பினான். ஒரு டிக்கெட். (இரண்டாவது டிக்கெட் பற்றி வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை இந்தப் பக்கத்துக்கு ஏற்றதல்ல.)

விசா பாரத்துக்கு வருவோம். உங்களில் பலர் ஆபீஸ் போகிறவர்கள். உங்களுக்கு சம்பளச் சீட்டு இருக்கும், லீவு சாங்ஷன் கடிதம் இருக்கும். எனக்கு நானே லீவு லெட்டர் எழுதி, நானே "அனுமதிக்கப்படுகிறது" என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. படித்தது பி.காம். பற்று வரவு தெரிந்தவன் என்ற முறையில் என் பேங்க் ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்தேன். நானே எனக்கு விசா கொடுக்கமாட்டேன். ஒரு கட்டுரைக்கு வந்த பணம் மூன்று நாளில் மளிகைக் கடைக்குப் போயிருந்தது. பெண்ணின் அப்பா எழுதிய அழைப்புக் கடிதம்தான் காப்பாற்றியிருக்க வேண்டும்.

கட்டணம் 90 யூரோ. 2024 ஜூனில்தான் 80-லிருந்து ஏற்றினார்கள். அது தவிர, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ். கிட்டத்தட்ட 29 லட்ச ரூபாய்! உயிரோடு இருக்கும்போது எனக்கு இவ்வளவு மதிப்பு வந்தது அதுதான் முதல் தடவை. இந்த ஷெங்கன் விசா என்பதில் வரும் ஷெங்கன், லக்ஸம்பர்க் நாட்டில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு குட்டி கிராமம். 1985 ஜூன் 14-ஆம் தேதி ஆற்றில் ஒரு படகில் உட்கார்ந்து ஐந்து நாட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். எந்தக் கிராமத்தின் பேரைச் சொல்லி உலகத்தில் யார் யார் வரிசையில் நிற்கிறார்கள், பாருங்கள்.

விசா வந்ததும் அத்தைகளின் லிஸ்ட் வந்தது. வெற்றிலை, மாவிலை, மல்லிகைப் பூ, மாம்பழம், தேங்காய், வாழைப்பழம். நல்லவேளையாக தம்பி போனில் எச்சரித்தான். 2019 டிசம்பர் 14 முதல் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் செடி, இலை, பூ, பழம், விதை எதைக் கொண்டுபோனாலும் பூச்சி, நோய் இல்லை என்று அரசாங்க சர்டிபிகேட் வேண்டும். ஐந்தே ஐந்து பழங்களுக்கு விலக்கு. அன்னாசி, தேங்காய், டுரியன், வாழை, பேரீச்சை.

படித்துப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. தேங்காய் பாஸ், வாழைப்பழம் பாஸ், வெற்றிலை மட்டும் ஃபெயில்! அந்தச் சட்டத்தை எழுதியவர் தாம்பூலப் பையை அரைகுறையாகப் பார்த்தவராக இருக்க வேண்டும். மூன்று தேங்காயைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். மீனம்பாக்கத்தில் ஸ்கேனரில் உட்கார்ந்திருந்தவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

லைப்ஸிக்கைப் பற்றி ஒரு பாராவில் முடித்துவிடுகிறேன். பழைய கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஊர். பாக் என்ற மாபெரும் சங்கீத மேதை 1723-லிருந்து 1750-ல் கண்ணை மூடும் வரை வேலை பார்த்த தேவாலயம் இருக்கிறது. இன்னொரு தேவாலயத்தில் திங்கட்கிழமைதோறும் பிரார்த்தனைக்குக் கூடியவர்கள்தான் 1989 அக்டோபர் 9-ஆம் தேதி சுமார் 70,000 பேராகத் தெருவில் நடந்தார்கள். சரியாக ஒரு மாசத்தில் பெர்லின் சுவர் திறந்தது. இதையெல்லாம் ஒரே மத்தியானத்தில் பார்த்தாகிவிட்டது. "ஈஃபில் டவர்?" என்று போனில் கேட்ட மனைவிக்கு, அது வேறு நாடு, வேறு ரயில், வேறு பட்ஜெட் என்று விளக்கினேன்.

மற்ற நேரமெல்லாம் சம்பந்தியின் தோட்டத்தில்.

சம்பந்தி டிராம் ஓட்டி ரிடையர் ஆனவர். குடியிருப்பது மூன்றாவது மாடி ஃபிளாட். தோட்டம் தனியாக, சைக்கிளில் பத்து நிமிஷத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் ஊருக்கு ஊர் இப்படிச் சங்கம் வைத்துத் தோட்டத் துண்டுகளை வாடகைக்கு விடுகிறார்கள். ஷ்ரேபர் தோட்டம் என்று பேர். ஷ்ரேபர் என்பவர் லைப்ஸிக் டாக்டர். அவர் 1861-ல் செத்துப்போய் நாலு வருஷம் கழித்து, பட்டணத்துப் பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு மைதானம் திறந்து அவர் பேரை வைத்தார்கள். அப்புறம் ஒரு வாத்தியார், பிள்ளைகள் செடி வளர்க்கட்டும் என்று ஓரத்தில் பாத்தி போட்டுக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு நாலு நாளில் அலுத்துவிட்டது. களை எடுக்க அப்பா, அம்மாக்கள் வந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவே இல்லை. இன்றைக்கு ஜெர்மனி பூராவும் இருக்கும் லட்சக்கணக்கான தோட்டங்களின் தலபுராணம் இதுதான். பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த கேரம் போர்டில் அப்பாக்கள் ஆடுகிற கதை.

இதற்கென்று 1983-ல் ஒரு மத்தியச் சட்டமே போட்டிருக்கிறார்கள். தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் கூடாது. நம் கணக்கில் ஒண்ணே முக்கால் கிரவுண்டு. உள்ளே ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்ளலாம், 24 சதுர மீட்டருக்குள். அதில் குடியிருக்கக் கூடாது. குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் காய், கனி போட்டே ஆக வேண்டும். சங்கத்து விதி வேறு: மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் கூடாது. கேட்டதும் எனக்கு நங்கநல்லூர் ரிஜிஸ்டர் ஞாபகம் வந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள், வியாழக்கிழமை. சங்கத்து ஹாலில்தான் விருந்து என்பதால் தம்பி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். சம்பந்தி என்னைத் தன் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். கூடவே மணப்பெண், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க. (கிழக்கு ஜெர்மனியில் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழிதான் கட்டாயம். சம்பந்திக்கு ஆங்கிலத்தில் "குட்", "நோ குட்" இரண்டும் தெரியும்.)

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது.

"மாப்பிள்ளையின் அப்பா ஏன் வரவில்லை?"

விமானத்தில் பத்து மணி நேரம் இதற்குத்தான் பொய் தயாரித்து வைத்திருந்தேன். பி.பி., மூட்டு வலி, பாஸ்போர்ட் தொலைந்தது என்று மூன்று வெரைட்டி. ஆனால் அந்த மனுஷர் கையில் மண்ணோடு நேருக்கு நேர் பார்த்துக் கேட்டதும் எல்லாம் மறந்துபோய், "அவர் மாடியில தோட்டம் போட்டிருக்கார். 43 தொட்டி. தண்ணி ஊத்த ஆள் இல்லை" என்று உளறிவிட்டேன்.

மணப்பெண் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

சம்பந்தி ரொம்ப சீரியஸாகத் தலையாட்டினார். "மே மாதத்திலா? மே மாதத்தில் தோட்டத்தை விட்டுவிட்டு எப்படி வர முடியும்? நானாக இருந்தாலும் வந்திருக்கமாட்டேன்" என்றார்.

எட்டு மாசமாக எங்கள் குடும்பமே முதுகுக்குப் பின்னால் சிரித்த காரணம் அது. அதை ஒரு வார்த்தை சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்ட முதல் ஆள் எட்டாயிரம் மைலுக்கு... சரி, அவ்வளவு தூரம் இருக்காது. ரொம்ப தூரத்தில் இருந்தார்.

கல்யாணத் தேதி குறிக்கும்போதே அப்பா தகராறு செய்தார் என்று மணப்பெண் சிரித்தாள். அங்கே மே 11 முதல் 15 வரை 'பனிப் புனிதர்கள்' என்று ஐந்து நாள். ஐந்து புனிதர்களின் திருநாள். கடைசி நாள் மே 15, 'குளிர் சோஃபி'. அதுவரை ராத்திரியில் திடீரென்று உறைபனி விழுந்து செடி கருகிவிடும், அதனால் சோஃபி தாண்டாமல் தக்காளியை வெளியில் நடக்கூடாது என்பது பாட்டன் காலத்துக் கணக்கு. இங்கே நமக்கு மே 4 முதல் 28 வரை கத்திரி. அதே மே மாசம்! நாம் வெயிலுக்குப் பயந்து நிழல்வலை கட்டுகிற வாரத்தில் அவர் பனிக்குப் பயந்து நாற்றுகளை ஜன்னலோரம் வைத்துக் காபந்து பண்ணுகிறார்.

"தோட்டத்தைப் பார்க்கலாமா?" என்றார் சம்பந்தி.

மணி அங்கே மத்தியானம் இரண்டு. இங்கே சாயங்காலம் ஐந்தரை. பெரியப்பா தண்ணீர் ஊற்றும் நேரம். வீடியோ கால் போட்டேன்.

"கொழாயை மூடிட்டு வரேன், இரு" என்று குரல் வந்தது. அப்புறம் கைலி, துண்டு, முருங்கை, பெரியப்பா. திரையில் ஒரு வெள்ளைக்காரர் முகத்தைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்.

"யாருடா இது?"

"சம்பந்தி."

பெரியப்பா கை கூப்பினார். சம்பந்தியும் மண் கையைக் கூப்பினார். பிறகு பெரியப்பாவுக்குப் பின்னால் கையைக் காட்டி என்னவோ கேட்டார். மணப்பெண்ணை அதற்குள் யாரோ ஹாலுக்குக் கூப்பிட்டுப் போய்விட்டார்கள்.

"என்னடா சொல்றாரு?"

"எனக்கு ஜெர்மன் தெரியாதே பெரியப்பா."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நங்கநல்லூர்க் காக்கா ஒன்று மட்டும் லைப்ஸிக் வரை கேட்டது.

"அங்க யாருக்காவது ரெண்டு பாஷையும் தெரியுமா?" என்றார் பெரியப்பா, முருங்கையைப் பார்த்தபடி.

"ஒருத்தன் இருக்கான்."

"கூப்பிடு."

தம்பி நாற்காலி துடைத்த துணியோடு வந்தான். திரைக்குள் வராமல் வேலியோரமாக நின்றான்.

"அவர் என்ன கேக்கறார்னு கேளு" என்றார் பெரியப்பா பொதுவாக.

"தக்காளிக்கு மேல ஏன் வலை கட்டியிருக்கீங்கன்னு கேக்கறார்ப்பா."

எட்டு மாசத்துக்குப் பிறகு அப்பாவிடம் அவன் பேசிய முதல் வாக்கியம் இதுதான்.

வெயில் ஜாஸ்தியானால் பூ உதிர்ந்துவிடும், காய் பிடிக்காது என்று பெரியப்பா விளக்கினார். வெயில் ஜாஸ்தி என்பது சம்பந்திக்குப் புரியவே இல்லை. இரண்டு தடவை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அவர் தக்காளிக்கு மேலே கூரை போடுவது மழைக்காக. நனைந்தால் கருகல் நோய் வந்துவிடுமாம். பிறகு ஓடில்லாத நத்தைத் தொல்லை. அதற்கு ஒரு டம்ளரில் பீர் ஊற்றி மண்ணில் பதித்து வைப்பார், நத்தை வாசனைக்கு வந்து உள்ளே விழுந்துவிடும் என்றார். "நத்தைக்கு பீரா!" என்று பெரியப்பா போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மணி இரண்டு இருபது. சத்தம் கூடாத நேரம்!

அடுத்து எரு. பெரியப்பா மீனையும் வெல்லத்தையும் ஊறவைக்கும் மீன் அமிலத்தைப் பற்றிச் சொன்னார். சம்பந்தி உள்ளே ஓடி ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நம் செந்தட்டி மாதிரி தொட்டால் அரிக்கிற ஒரு செடியை மழைத் தண்ணீரில் அழுகவிட்ட கரைசல். மூடியைத் திறந்தார். நான் நாலடி பின்னால் போனேன். "நாறுதா?" என்று ஆவலாகக் கேட்டார் பெரியப்பா. "பயங்கரமாப்பா" என்றான் தம்பி. "அப்ப நல்ல எருதான்."

நாற்பது நிமிஷம். இதற்குள் தம்பி எப்போது திரைக்குள் வந்தான் என்று நான் கவனிக்கவில்லை. நடுவில் நின்று மாறி மாறி இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

வைக்கும்போது பெரியப்பா, "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? ஜலதோஷமா?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் குடி."

அன்று ராத்திரி அவர்கள் ஊர்ச் சடங்கு ஒன்று. கல்யாணத்துக்கு முன் சொந்தக்காரர்கள் பழைய பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உடைப்பார்கள். கண்ணாடி உடைக்கக் கூடாது, அது அபசகுனம். மணமக்கள் இரண்டு பேரும் சேர்ந்து பெருக்க வேண்டும். உடைக்க வேண்டும், அவ்வளவுதானே? அறைக்கு ஓடி ஒரு தேங்காயை எடுத்து வந்து, கிழக்கே பார்த்து ஒரு சுற்றுச் சுற்றி ஓங்கி அடித்தேன். சிதறு தேங்காய்! கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. சில்லு பொறுக்கத்தான் ஆளில்லை. மணப்பெண் துடைப்பத்தால் பெருக்கியதைப் பார்க்க மனசு கேட்காமல் நானே இரண்டைப் பொறுக்கி ஊதிவிட்டுச் சாப்பிட்டேன்.

கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீஸில் இருபத்தைந்து நிமிஷம். விருந்தாளிகள் 38 பேர். கும்பகோணத்தில் சமையல் கோஷ்டியே அவ்வளவு இருக்கும். வெளியே வந்ததும் ஒரு மரக்கட்டையை வைத்து, இரண்டு பக்கமும் பிடியுள்ள ரம்பத்தால் மணமக்களை அறுக்கச் சொன்னார்கள். ஒருத்தர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரம்பம் சிக்கிக்கொள்ளும். நாலு தடவை சிக்கியது. வியர்வையைத் துடைத்தபோது தம்பியின் போன் அடித்தது. ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"யாருடா?"

"அப்பா. சம்பந்தி தக்காளி நட்டாச்சான்னு கேக்கறார்."

திரும்பும்போது சம்பந்தி பெரியப்பாவுக்கு விதை கொடுக்க ஆசைப்பட்டார். நம் ஊரிலும் அதற்குப் பர்மிட், சர்டிபிகேட் எல்லாம் வேண்டும் என்று தடுத்துவிட்டேன். பதிலுக்கு அந்த நாற்றக் கரைசலின் செய்முறையைச் சொன்னார். ஒரு கிலோ இலை, பத்து லிட்டர் மழைத் தண்ணீர், ஊறிய பிறகு ஒன்றுக்குப் பத்து கலந்து ஊற்ற வேண்டும். தம்பி அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். அந்தச் செடி நங்கநல்லூரில் முளைக்காது என்று அவனுக்கும் தெரியும்.

ஜூன் முதல் வாரம், திருச்சி. மச்சினி கல்யாணத்தில் நான் மொய் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன் (பி.காம். படித்தவனுக்கு எல்லாக் கல்யாணத்திலும் இந்த உத்தியோகம் நிச்சயம்). பெரியப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். நாலாக மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது.

"கையெழுத்து இன்னும் கோழிக் கிறுக்கல்தான். இத பாரு, பத்து நாள் ஊறணும்னு எழுதியிருக்கானா, பதினாலா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதிரியும் இருந்தது.

"தெரியலை பெரியப்பா. கேட்டுச் சொல்லட்டுமா?"

"வேணாம். நீ மொய்யப் பாரு" என்று தாளை மடித்துக்கொண்டு, போனை எடுத்தபடி மண்டபத்துக்கு வெளியே போனார்.